குரலுக்கு ஒதுக்கிய இடம்

ஏலக்காரருக்கு நடுவில் நிறுத்துவது என்றாலே ஆகாது. காய்கறி மொத்தச் சந்தையில் ஆயுசு முழுக்க ஏலம் கூவிய மனிதர். கூவும்போது மூச்சு வாங்க ஒரு கணம் நின்றால் போதும், வாங்க வந்தவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான், விலை பொத்தென்று விழுந்துவிடும் என்பார். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு கூவுவாராம். அந்தத் தொண்டையைத்தான் நாளைக் காலையில் டாக்டர்கள் திறக்கப் போகிறார்கள். குரல்வளையை எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, எடுக்காவிட்டால் எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் அந்த வழியைச் சொன்னாள். முன்கூட்டியே அவரைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டால், பிற்பாடு அவர் டைப் அடிப்பதைக் கம்ப்யூட்டர் அவருடைய குரலிலேயே பேசும். நிறையப் பேச வேண்டும், எவ்வளவுக்கு எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்றாள். "எங்கப்பாவுக்குப் பேச்சுக்கா பஞ்சம்?" என்று சிரித்துவிட்டு வாக்கியப் பட்டியலை வாங்கி வந்தாள் மகள்.

சிரித்ததற்கு நன்றாக அனுபவித்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார் மனிதர். "செத்தவனுக்குப் பண்ற மாதிரி இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுது, சண்டை போட்டு, சாப்பிட மாட்டேன் என்று மிரட்டி, ஒருவழியாக அவரை மைக் முன்னால் உட்காரவைத்தபோது ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆகிவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும்.

மகள் டைல்ஸ் கடையில் கணக்கு பார்ப்பவள். எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். "ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் நிறுத்தணும்பா. நான் சேவ் பண்ணிட்டு அடுத்தது போடறேன்" என்று முதலிலேயே சொன்னாள்.

"நிறுத்தினா வேகம் போயிடும். நீ ஓடவிடு, நான் பேசறேன்."

"இல்லப்பா, இடையில ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"எனக்கு ஆகறதவிட அதுக்கு என்ன பெரிசா ஆயிடப் போகுது?"

ஓடவிட்டாள். அவரும் காலையிலிருந்து ஓடினார். பட்டியலில் இருந்ததை மூச்சுவிடாமல் படித்து முடித்தார். "'தயவுசெய்து சாளரத்தைத் திறக்கவும்.' எவன் இப்படிப் பேசுவான்? என் வாயில இது வருமா?" என்று பட்டியல் எழுதியவனைத் திட்டினார். அந்தத் திட்டும் பதிவானது. பிறகு தன் பாட்டுக்குச் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டார். தக்காளியை ஏலம் விட்டார். தராசுக்காரனை வைதார். பேரம் பேசுகிறவனைக் கேலி செய்தார். குரல் கிழிந்து, கரகரத்து, கடைசியில் வெறும் காற்றாக வரத் தொடங்கியபோதுதான் நிறுத்தினார். மத்தியானம் தாண்டியிருந்தது.

"போதும். துளி மிச்சம் இருக்கு. அத வச்சுக்கறேன். இனிமே என்கிட்ட எதுவும் கேக்காத" என்று காற்றுக் குரலில் சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மகள் நிம்மதியாக நிறுத்து பொத்தானை அழுத்தினாள். சேமிக்கிறேன் என்று ஒரு பச்சைக் கோடு வந்து கொஞ்ச தூரம் நகர்ந்தது. அப்புறம் நின்றது. மவுஸை அசைத்தாள். அம்பு அசையவில்லை. லேப்டாப்பின் காற்றாடி மட்டும் ஓவென்று இரைந்தது. திரையின் மூலையில் கடிகாரம்கூட நின்றுபோயிருந்தது.

அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடும் என்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் தெரியும். அணைக்காமல் என்ன செய்வது என்கிற அளவுக்குத் தெரியாது. திரும்பப் பேசவைக்கலாம் என்றால் அந்தத் தொண்டையில் இனி என்ன இருக்கிறது? கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த லேப்டாப்பே அவனுடையதுதான். அதில் நாலு வருஷமாக ஒரு அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தான். ஒரே ஆள், தனியாக. அப்பாவுக்கு அது பொம்மைப் படம். "வளந்த பையன் பொம்மை வச்சு விளையாடறான்" என்று சந்தையிலேயே சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் பேச்சு முற்றி, "நான் வாங்கிக் குடுத்தத வச்சுட்டுப் போடா" என்று அவர் கத்த, அவனும் ரோஷக்காரன், லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். வேறு ஊரில் அச்சகத்தில் வேலை. அக்காவிடம் மட்டும் பேசுவான். "வட்டுல கடைசிப் பகுதியத் தொடாதக்கா, என் படம் அதுலதான் இருக்கு. ஒருநாள் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். வரவே இல்லை. அப்பாவின் நோய் தெரிந்த பிறகும், வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை, வா என்று அவர் சொல்லவில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம்.

போனை எடுத்ததும் பின்னால் அச்சு இயந்திரம் தடதடத்தது. "என்னக்கா இந்த நேரத்துல? அவருக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணும் இல்லடா. கம்ப்யூட்டர் நின்னுபோச்சு."

"அதுக்கா இப்படி மூச்சு வாங்கற? ஆஃப் பண்ணிட்டு..."

"ஆஃப் பண்ணாம ஏதாவது சொல்லு! அப்பா குரல் பூரா அதுக்குள்ள இருக்கு. இன்னும் சேவ் ஆகல."

இயந்திரச் சத்தம் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"எவ்வளவு நேரமா பதிவு பண்ணின?"

"காலைலேருந்து."

"நடுவுல நிறுத்தவே இல்லையா?"

"அவரு நிறுத்துவாராடா?"

"மாட்டாரு" என்றான். கோபமாகச் சொன்னதுபோல இல்லை. "சரி, கேளு. அவர் பேசினதெல்லாம் இன்னும் மெமரிலதான் இருக்கு. சேவ் பண்றதுக்கு அந்த புரோகிராம் இன்னொரு நகல் எடுக்கப் பாக்குது. அதுக்கு இடம் இல்ல. ஒரேயடியா நெருக்கடி ஆச்சுன்னா சிஸ்டம் என்ன பண்ணும் தெரியுமா? எது அதிக இடம் பிடிச்சிருக்கோ அதக் கொன்னுடும்."

"எது அதிகம் பிடிச்சிருக்கு?"

"வேற யாரு? அப்பாதான்."

அவன் சொன்னபடி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு படமெல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. கடவுச்சொல்லை அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்து உள்ளே போனது. முதலில் பதிவு புரோகிராமை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும் என்றான். அதற்கான கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அடித்துவிட்டுப் படித்தவள் அலறிவிட்டாள்.

"டேய், கில்லுன்னு இருக்கேடா! கொல்லவா சொல்ற?"

"பேருதான் அப்படி. கூட ஸ்டாப்னு சேத்து அடிச்சா அப்படியே நிறுத்தி மட்டும் வைக்கும். சேத்திருக்கியா? பாத்துச் சொல்லு. அந்த ஸ்டாப் இல்லன்னா நெஜமாவே கொன்னுடும்."

சேர்த்திருந்தாள். இருந்தாலும் திரையில் விரலை வைத்து மறுபடி படித்துப் பார்த்தாள். என்டரைத் தட்டினாள். காற்றாடியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் விழித்தாள்.

"நல்லதுதான்" என்றான் அவன். "இப்ப அந்த ஸ்வாப் ஏன் வேலை செய்யல? மெமரிக்குத் துணையா தனியா ஒரு பகுதி பிரிச்சு வச்சிருந்தேனே. வட்டுல என்னென்ன பகுதி இருக்குன்னு படி."

படித்தாள். அவன் சொன்னது அதில் இல்லை. காலி இடத்தைக் கண்டால் பொறுக்காத குடும்பம் அது. சந்தையில் ஒரு மூலை சும்மா கிடந்தால் அப்பா அங்கே நாலு மூட்டையாவது போட்டுவிடுவார். அவர் பெண்தானே இவள்? வீட்டில் அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருந்தால் தூக்கம் வராது.

"அது... ஒண்ணுமே இல்லாம காலியாத்தான்டா இருந்தது. சும்மா கிடக்குதேன்னு ஒரு வீடியோவப் பாத்து என் பகுதியோட சேத்துட்டேன். டைல்ஸ் படமெல்லாம் வைக்க இடம் பத்தல."

"அக்கா! காலியா இருக்கறதுதான் அதோட வேலை! மெமரி நிறைஞ்சா, அப்போதைக்கு வேண்டாதத எடுத்து அங்க வைக்கும். நெருக்கடில மூச்சு விடற இடம் அது. அதப் போயி..."

"திட்டறத அப்புறம் திட்டு. இப்ப வழி சொல்லு. என் படத்தையெல்லாம் அழிச்சிடறேன், அந்த இடத்த எடுத்துக்கலாம்."

"உன் பகுதில சேவ் ஆகற அளவுக்குத்தான் இடம் இருக்கு, அழிச்சாலும் உடனே வராது. நீ எதையாவது துடைச்சுப் போட்டுட்டு அப்புறம் அழுவேன்னு, பழைய நகலையெல்லாம் பத்திரமா வைக்கிற மாதிரி நான்தான் செஞ்சு வச்சேன். அத இப்ப பிரிக்க ஆரம்பிச்சா இன்னும் மெமரி கேக்கும். பென்டிரைவ்?"

"ஒரு துளைதான் வேலை செய்யுது. அதுல மைக் இருக்கு."

"மைக்கப் பிடுங்கிடாத! பிடுங்கினா அந்த புரோகிராம் என்ன பண்ணும்னு சொல்ல முடியாது."

கறுப்புத் திரையில் பட்டியல் அப்படியே இருந்தது. அதில் கடைசியாக ஐந்தாம் எண், தம்பியின் படம் இருந்த பகுதி. இரண்டு பேர் கண்ணுக்கும் அதுதான் தெரிந்தது, ஒருவன் அதைப் பார்க்காமலே பார்த்தான். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் மனுஷியா?

அவனே சொன்னான். "அஞ்சாம் நம்பர் இருக்கு."

"அது உன்னோடதுடா."

"தெரியும்."

"வேண்டாம். வேற ஏதாவது யோசி. நீ படிச்சவன், உனக்குத் தெரியாத வழியா?"

"வேற இருந்தா சொல்ல மாட்டேனா? எனக்கென்ன ஆசையா?" என்று கத்திவிட்டான். பிறகு தணிந்தான். "அத ஸ்வாப்பா மாத்திடலாம். எதையும் மூட வேண்டாம், ஓடிட்டிருக்கும்போதே சேத்துக்கும்."

"உன் படம்?"

"அது மேலேயே எழுதும். கொஞ்ச நஞ்சம் மிஞ்சலாம். படமா மிஞ்சாது."

"வேற நகல் இருக்காடா? எங்கயாவது?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருந்திருந்தால் இத்தனை நாள் அந்தப் பகுதியைத் தொடாதே, தொடாதே என்று உயிரை வாங்கியிருப்பானா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் பஸ் ஏறி வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்ன? வா என்று அந்தக் கிழவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? இரண்டு பேரும் வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் கத்தியை அவள் கையில் கொடுக்கிறார்கள்.

எழுந்துபோய்ப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வார்? பொம்மைதானே, அழி என்பாரோ என்று பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அவள் அவரைப் பழையபடி பார்க்க முடியாது. கேட்காமல் திரும்பிவிட்டாள்.

"அவர்கிட்ட சொல்லாத" என்றான் தம்பி, அவள் எங்கே போனாள் என்று தெரிந்தவன்போல. "நேரமாகுது. அடிக்கா."

எழுத்தெழுத்தாகச் சொன்னான். அடித்தாள்.

"எண் என்ன?"

"அஞ்சு."

"மூணுன்னு அடிச்சா உன்னோட எல்லாம் போயிடும். சேவ் ஆக வேண்டிய இடமும் போயிடும். நல்லா பாரு."

"அஞ்சுதான்டா. பாத்துட்டேன்."

"முழுசாப் படி."

படித்தாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி. என்டர்."

அவள் விரல் விசையின் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. "தம்பி..."

"அழுத்துக்கா. சீக்கிரம் அழுத்தித் தொலை."

அழுத்தினாள். அடுத்த வரி உடனே வந்துவிட்டது. கண் இமைப்பதற்குள் முடிந்துபோன அந்த வேகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாலு வருஷத்து வேலைக்குக் கொஞ்ச நேரமாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா அந்தச் சனியன்? அடுத்த கட்டளையில் அந்த இடத்தை மெமரிக்குத் துணையாகச் சேர்த்தார்கள். அதற்கும் அடுத்ததில், நிறுத்தி வைத்த புரோகிராமைத் திரும்ப எழுப்பினார்கள். பழைய திரைக்குப் போ என்றான். போனாள்.

பச்சைக் கோடு விட்ட இடத்திலேயே நின்றது.

"நகரலடா."

"பொறு. வட்டுல எழுதி எழுதி வேலை செய்யணும். மெதுவாத்தான் போகும். ஆனா சாகாது."

"நகரல. நகரவே இல்லடா. எல்லாம் போச்சு, உன்னோடதும் போச்சு, அவரோடதும் போச்சு..."

"பக்கவாட்டுல சின்ன விளக்கு மினுக்குதா?"

மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது அணையும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வைத்திருந்த வாடகைக் கார்க்காரன் நடுவில் கூப்பிட்டான், வெட்டிவிட்டாள். கோடு ஒரு மயிரிழை நகர்ந்ததுபோல இருந்தது. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். நகர்ந்துதான் இருந்தது. அதன் பிறகு நின்று நின்று, முனகி முனகி, போய்க்கொண்டே இருந்தது. தம்பி போனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அச்சகத்தில் யாரோ அவனைக் கூப்பிட, "இருங்கண்ணே, வரேன்" என்றான், போகவில்லை.

கடைசியில் பதிவு முடிந்தது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. இவ்வளவு ஆட்டம் ஆடிவிட்டு ஒரு சின்னப் பெட்டி.

"ஆயிடுச்சுடா!"

"ஒழுங்கா வந்திருக்கா பாரு. நடுவுல எங்கயாவது போடு."

போட்டாள். அறை அதிர்ந்தது. "ஏய், தராசுலேருந்து கைய எடுடா! எடுக்கலன்னா கையையும் சேத்து ஏலம் விட்டுடுவேன்! எவனாவது கேளுங்கப்பா, நல்ல கை, வேலையே செய்யாத புதுக் கை!"

போனில் தம்பி வெடித்துச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்தது. தன் குரல் தனக்கே கேட்டால் எந்த மனுஷன் படுத்திருப்பான்? ஈரத் துணியோடு அப்பா நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், என்ன என்று கையை ஆட்டினார். மறைக்க வேண்டும் என்று நினைத்தவள்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டிவிட்டது.

"சேவ் ஆகாம நின்னுடுச்சுப்பா. உங்க குரல் போயிருக்கும். அதுக்கு இடம் வேணும்னு தம்பி தன்னோட படத்தையே அழிக்கச் சொல்லிட்டான். நாலு வருஷம் செஞ்சது. வேற நகல் இல்ல. நான்தான்பா அழிச்சேன், இந்தக் கையாலதான் அழிச்சேன்."

"ஏன்க்கா சொன்ன?" என்று போன் கத்தியது.

அப்பா வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அக்கா, அக்கா என்று இரண்டு தடவை கேட்டது.

"அந்தப் படம்" என்றார் அப்பா. பாதி காற்று, பாதி குரல். தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நேரம்டா ஓடும்?"

"பன்னிரண்டு நிமிஷம்பா."

"கதையச் சொல்லு."

"இப்பவா? நீங்க பேசக் கூடாதுப்பா. ஆஸ்பத்திரிக்கு வேற கிளம்பணும்..."

"சொல்லுடா." மகள் தடுக்கப் போனாள். அவர் அவள் கையை விலக்கினார். மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் திரட்டிச் சொன்னார். "நான் இனிமே பேசல. நீ பேசு."

அப்படியே அங்கே கிடந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கீழே கார் வந்து ஹார்ன் அடித்தது.

"முதல்ல ஒரு லாரி போகும்பா" என்றான் தம்பி. "அதோட பின் டயர் ஒண்ணு கழண்டு, யாருக்கும் தெரியாம, தனியா ரோட்டுல உருள ஆரம்பிக்கும்..."

அப்பா தலையை ஆட்டினார். மகள் காரைக் காத்திருக்கச் சொல்வதற்குக் கீழே இறங்கிப் போனாள்.